தூக்கிக் காட்டிய மீன்

மீன்காரன் பெர்மின், கம்பவுண்டருக்குத் தர வேண்டிய பாக்கி முந்நூற்று எண்பது டாலர். மாதம் எண்பது வீதம் நாலு மாதத்துக்கு முந்நூற்று இருபது, தாமதத்துக்கு அபராதம் அறுபது. கம்பவுண்டர் ஓல்கர் இதை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தான். நோட்டின் அட்டையில் ஒரு கால்பந்தாட்டக்காரன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஓல்கர் மருந்து கலக்கிக் கொடுக்கிற ஆள் இல்லை. அந்தக் கரையில் அந்தக் காசுக்குத் தடுப்பூசி என்று பேர். மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டால் நோய் அண்டாது. நடுக்கடலில் துப்பாக்கியோடு வருகிறவர்கள் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு ஆளைத் தண்ணீரில் தள்ள மாட்டார்கள். ஊசிக்குக் காசு வாங்குகிறவன் கம்பவுண்டர், அவ்வளவுதான். காசு கட்டியவனுக்கு ஒரு துண்டு தார்ப்பாய் கொடுப்பான். இந்தத் தவணைக்கு ஆரஞ்சு. அதைப் படகின் முன்பக்க அணியத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கட்டிக்கொண்டு போக வேண்டும். பெர்மினின் படகில் இன்னும் பழைய நீலம்தான் கிடந்தது. உப்பும் வெயிலும் தின்று அதுவும் வெளுத்துப்போயிருந்தது.

சனிக்கிழமை காலையில் ஏலக் கொட்டகை ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் ஓல்கர். பெர்மின் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான். ஆனால் கொட்டகைக்கு இருந்தது ஒரே வழி.

"என்ன அண்ணே, கண்ணுலயே பட மாட்டேங்கறீங்க?"

"நான் கடல் கண்ணுலயே படலியேடா ஓல்கர். காசு எங்கேருந்து வரும்?"

"மேல கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"இது தொராதோ மீன் ஓடற காலம். மத்த வருசமா இருந்தா இந்நேரம் ஏழெட்டு ஓட்டம் போயி உன் கடனை அடைச்சு, உனக்கு பீரும் வாங்கித் தந்திருப்பேன். இப்ப எவன் பத்து மைலைத் தாண்டறான்? பத்து மைலுக்குள்ள என்ன இருக்கு, நண்டா இருக்கு?"

ஓல்கர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான். இந்தக் கரையில் பிறந்தவன்தான். சின்ன வயதில் பெர்மினின் படகுக்கடியில் நிழலில் படுத்துத் தூங்கியவன். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, காசு இல்லாட்டி வேற வழி ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு ஓட்டம். நாப்பது மைல் வெளியே பெரிய போட்டுக்காரன் நிப்பான். அவனுக்கு பெட்ரோல் கேன் கொண்டு போயிக் குடுத்துட்டுத் திரும்பி வரணும். உங்க வீட்டுலேருந்து ஒரு ஆள் வந்தாப் போதும். முந்நூத்தி எண்பதும் போச்சு."

"உங்க ஆளுங்க எங்கடா?"

"அவனுங்க எவனும் போக மாட்டேங்கறான். மேலேருந்து குண்டு விழுதுல்ல, உசுரு பயம். அதான் பாக்கி வச்சவங்களை அனுப்பறோம்." சொல்லிவிட்டு அவனுக்கே கூச்சமாகப் போயிருக்க வேண்டும். தலையைச் சொறிந்தான். "அடுத்த சனிக்கிழமைக்கு மேல என்னால தள்ள முடியாது அண்ணே. இன்ஜினோட விடுவாங்கன்னு நெனைக்காதீங்க. வீட்டுக்கு வருவாங்க."

பெர்மின் திரும்பி நடந்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால், வடக்கேயிருந்து ஒரு பெரிய நாட்டின் விமானங்கள் வரப்போகின்றன, போதைச் சரக்குக் கடத்துகிறவர்களைக் கடலிலேயே ஒழிக்கப் போகின்றன என்று செய்தி வந்த அன்று இதே கொட்டகையில் கைதட்டினார்கள். பெர்மினும் தட்டினான். அவனுடைய அக்கா சொய்லா மெழுகுவத்தி ஏற்றினாள். மூன்று வருடத்துக்கு முன்பு அவள் புருஷன் செல்சோவை ஒரு பழைய இன்ஜினுக்காகத் தண்ணீரில் தள்ளியிருந்தார்கள். உடம்பு கிடைக்கவில்லை. காலி ஐஸ் பெட்டியைத்தான் புதைத்தார்கள்.

முதல் வீடியோ பத்து நாளில் வந்தது. மேலேயிருந்து எடுத்த சாம்பல் நிறப் படம். சின்னதாக ஒரு படகு, அதில் எறும்பு மாதிரி மூன்று பேர். அப்புறம் ஒரு வெள்ளை வெளிச்சம். "எக்வடோர் கடற்கரைக்கு அப்பால் மூன்று கடத்தல்காரர்கள் கொல்லப்பட்டனர்" என்று கீழே ஓடியது. கொட்டகையில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். பெர்மின் அடிக்கவில்லை. அவன் பார்த்தது பீப்பாய்களை. எல்லாரும் பெட்ரோல் பீப்பாய்களைப் படகின் குறுக்கே அடுக்குவார்கள். நீளவாக்கில் அடுக்கி, நடுவிலே தூண்டில் கூடையை வைத்து இறுக்குகிறவன் இந்தக் கரை முழுக்க ஒருத்தன்தான். பக்கத்துக் குடாவிலுள்ள நார்சிசோ. தூரத்து மீனுக்குப் போகிறவன், அதனால் நிறைய பீப்பாய்.

நார்சிசோ திரும்பி வரவே இல்லை.

பெர்மின் அதைச் சொன்னபோது சொய்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியை நீட்டினாள்.

"பீப்பாயைப் பாத்து ஆளைச் சொல்றியா நீ? பெரிய துப்பறியற ஆளு."

"அக்கா, எனக்குத் தெரியும்க்கா. அது அவன் படகு."

"இருந்துட்டுப் போகட்டும். என் புருசனைத் தள்ளினப்ப எவன் வந்தான்? போலீஸு வந்தானா? கடற்படை வந்தானா? இப்பத்தான் ஒருத்தன் வந்திருக்கான். வந்தவனை ஏன்டா நொட்டை சொல்ற? அவன் வந்ததுலேருந்து எவன் இன்ஜினாவது போச்சா, சொல்லு."

"கடலுக்கே எவனும் போகலியேக்கா. எங்கேருந்து பிடுங்குவான்?"

மூலையில் தூண்டில் முள்ளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த தம்பி ஆபேல் சிரித்துவிட்டான். அவனுக்கு வயது முப்பத்து நாலு. கல்யாணம் கட்டவில்லை. கேட்டால் படகு கோபித்துக்கொள்ளும் என்பான். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் சொய்லா. அதனால் அவன் சிரித்தால் மட்டும் அவளுக்குக் கோபம் நிலைக்காது.

"நீ என்னடா பல்லைக் காட்டற?"

"இல்லக்கா. மேல இருக்கறவனுக்கு நாம யாருன்னு எப்படித் தெரியும்னு யோசிச்சேன். படகுல பேர் எழுதினாத் தெரியுமா? சாம்பல் படத்துல பேராவது ஒண்ணாவது. ஆனா மீன் தெரியும்ல? எந்த ஊர்க்காரனா இருந்தாலும் மீனைத் தெரியாமலா இருப்பான். சத்தம் கேட்டா ஒரு மீனைத் தூக்கிக் காட்டிடுவோம். 'ஐயா, மீன்காரன்யா, ஏலம் ஆறு மணிக்கு, வர்றீங்களா'ன்னு."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் பயந்தவர்களுக்கு வேடிக்கைகூட மருந்துதான். ஒரே வாரத்தில் அது அந்தக் கரையின் வழக்கமாகிவிட்டது. ஆகாயத்தில் கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டால் போதும், தூண்டிலை விட்டுவிட்டு, கையில் கிடைத்த மீனை வாலிலும் தலையிலும் பிடித்து உச்சிக்கு மேலே தூக்குவார்கள். துள்ளுகிற மீனாக இருந்தால் ரொம்ப நல்லது என்று பேசிக்கொண்டார்கள். வளையும், வால் அடிக்கும், மேலே இருப்பவனுக்குச் சந்தேகம் வராது.

ஓல்கர் பேசிய மூன்றாம் நாள், எப்படியாவது காசு புரட்டிவிடலாம் என்று அண்ணனும் தம்பியும் இருபது மைல் போனார்கள். வரிசையாக முள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் உச்சியில் இருந்தது. ஒரு அலை இல்லை. பெர்மின் இந்த நாலு மாதத்தில் கடலைப் பார்ப்பதையே மறந்திருந்தான். மேலேயே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. பெலிக்கன் பறவை குறுக்கே போனாலும் குனிந்து படகில் பதுங்கினான்.

சத்தம் கேட்டது. எங்கேயிருந்து என்று தெரியவில்லை. ஆபேல் அப்போதுதான் ஏறியிருந்த தொராதோவை அள்ளித் தூக்கினான். பச்சையும் மஞ்சளுமாக அது வெயிலில் மின்னிக்கொண்டு துடித்தது. பெர்மினும் ஒன்றைத் தூக்கினான். நடுக்கடலில் இரண்டு ஆண்பிள்ளைகள், ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்து மீனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை மரத்துப்போயிற்று. மீன் செத்து அதன் நிறம் போய் சாம்பலானது. அப்போதும் கீழே இறக்கப் பயமாக இருந்தது.

சத்தம் போய்விட்டது.

"பாத்திருப்பான்ல அண்ணே?" என்றான் ஆபேல்.

"பாத்திருப்பான்."

"பாத்துட்டு என்ன வெலைன்னு கேட்டிருப்பான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெர்மினுக்குக் கால்சட்டை நனைந்திருந்தது. கடல் தண்ணீர் என்று ஆபேல் எடுத்துக்கொண்டான், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டான். மீதித் தூண்டிலைக்கூடச் சரியாக இழுக்காமல் அறுத்துவிட்டுக் கரைக்குத் திரும்பினார்கள். மொத்தம் ஆறு மீன். ஏலத்தில் ஐம்பத்தொரு டாலர். பெட்ரோலுக்கே நாற்பத்தைந்து போயிற்று. விலை போகாத ஒன்றை ஐஸ் பெட்டியில் போட்டுவைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓல்கர் வீட்டு வாசலுக்கே வந்தான். உள்ளே வரவில்லை. "இன்னிக்கு நாலு மணிக்குப் படகு கிளம்புது. பக்கத்துக் குடாவுலேருந்து ரெண்டு பேர் வர்றாங்க, அவங்களும் பாக்கிக்காரங்கதான். உங்க வீட்டுலேருந்து யாரு?"

பெர்மினுக்கு வார்த்தை தயாராகத்தான் இருந்தது. நான் வர்றேன். மூன்று நாளாக அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தான். பாக்கி அவன் பேரில், படகு அவன் பேரில், மூத்தவன் அவன். வாயைத் திறந்தான். அந்த வெள்ளை வெளிச்சம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது.

"நான் போறேன்" என்றான் ஆபேல், காபி கேட்கிற மாதிரி. "அண்ணனுக்கு மூட்டு வலி. நாப்பது மைல் குலுக்கினா அங்கேயே உக்காந்துடும்."

"டேய்" என்றான் பெர்மின். அதற்கு மேல் வரவில்லை.

சொய்லா அடுப்படியிலிருந்து வந்தாள். அவளுக்குக் கேட்டிருந்தது. ஓல்கரைப் பார்த்துக் காறித் துப்பினாள். அவன் நகர்ந்துகொண்டான். பிறகு தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

"போவாதடா. கள்ளப் பயலுக படகு அது."

"அக்கா, நீதானே சொன்ன, மேல இருக்கறவன் கள்ளனை மட்டுந்தான் அடிப்பான்னு? நான் கள்ளனா?"

அவள் பிடி தளர்ந்தது.

கரைக்குப் போகிற வழியில் பெர்மின் நின்றான். "இருடா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய் ஐஸ் பெட்டியைத் திறந்தான். அந்த மீன் கிடந்தது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று நாள் ஐஸில் கிடந்து கட்டை மாதிரி விறைத்திருந்தது. சொய்லா ஒரு சாக்கை மடித்துக் கொடுத்தாள். அதில் சுற்றி எடுத்து வந்து தம்பியிடம் கொடுத்தான்.

"கேன் படகுல மீன் இருக்காது. சத்தம் கேட்டா இதைத் தூக்கிக் காட்டு. நல்லா வெறச்சிருக்கு, நழுவாது."

ஆபேல் மீனை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, சிப்பாய் மாதிரி நாலு அடி நடந்து காட்டினான். "திரும்பி வந்து இதையே வறுத்துத் தின்போம் அண்ணே. அக்காகிட்ட தொட்டுக்க வேர்க்கடலை அரைச்சு வைக்கச் சொல்லு."

நாலு மணிக்குப் படகு கிளம்பிற்று. இருபது கேன், மூன்று ஆள், அணியத்தில் புத்தம் புது ஆரஞ்சுத் தார்ப்பாய்.

மறுநாள் காலையில் வந்துவிட வேண்டும். வரவில்லை. மத்தியானம் வரவில்லை. பெர்மின் கரையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தான். இன்ஜின் கோளாறாக இருக்கும் என்றார்கள் சிலர். பெரிய போட்டுக்காரன் தாமதமாக வந்திருப்பான் என்றார்கள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சொய்லா வேர்க்கடலை அரைத்து மூடி வைத்தாள். அடுத்த நாள் புளிப்பு வாசம் வந்தது. கொட்டிவிட்டு மறுபடி அரைத்தாள்.

திங்கட்கிழமை வீடியோ வந்தது.

கொட்டகையில் யாரோ போனை நீட்டினார்கள். இந்தத் தடவை யாரும் விசில் அடிக்கவில்லை. சாம்பல் நிறக் கடல். படகு. மூன்று பேர். அதில் ஒருத்தன் சட்டென்று எழுந்து அணியத்துக்குப் போகிறான். குனிந்து எதையோ எடுக்கிறான். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்குகிறான். நீளமாக, நேராக, வளையாமல் ஒரு பொருள். அதைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கிறான். காலை அகட்டி, நன்றாகத் தெரியட்டும் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டுகிறான். பிறகு வெள்ளை வெளிச்சம்.

"ஒருவன் விமானத்தை நோக்கி ஆயுதத்தை உயர்த்தியது பதிவாகியுள்ளது" என்றாள் செய்தி வாசிக்கிற பெண்.

பெர்மின் போனைத் திருப்பிக் கொடுத்தான். துள்ளுகிற மீன் வளையும். வால் அடிக்கும். ஐஸில் விறைத்த மீன் வளையாது. இவ்வளவு வருடம் மீன் பிடித்தவனுக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. நழுவாது என்பதுதான் தோன்றிற்று. நான் போகிறேன் என்று சொல்ல வேண்டிய வாய் மீனைப் பற்றிச் சொன்னது.

பக்கத்தில் நின்ற சொய்லா அவன் முகத்தைப் பார்த்தாள். அவளும் வீடியோவைப் பார்த்துவிட்டாள். அந்தச் சாக்கை மடித்துக் கொடுத்தது அவள்தான். தூக்கியது மீன் என்று இரண்டு பேரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன, யாரிடம் சொல்வது. அவள் வீட்டுக்குப் போய் மாதா படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவத்தியைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அன்று இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"ஏன்டா, வலிச்சிருக்குமா?"

"இல்லக்கா. அவ்வளவு வெளிச்சம். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"அவனுக்கு அவங்க மீனைப் பாத்துட்டாங்கன்னுதான் தோணியிருக்கும். என்ன?"

"ஆமாக்கா" என்றான். அது ஒன்றைத்தான் அவனால் கொடுக்க முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை. அதே கொட்டகை ஓரம், அதே பிளாஸ்டிக் நாற்காலி. ஓல்கருக்கு ஒரு கீறல்கூட இல்லை. மேலே இருக்கிறவனுக்கும் இல்லை. பெரிய போட்டுக்காரனுக்கும் இல்லை. வேறு கரையில் வேறு பாக்கிக்காரர்களைப் பிடித்து மறுநாளே அவனுக்குப் பெட்ரோல் போய்ச் சேர்ந்ததாகப் பேச்சு. வரிசையில் ஏழெட்டுப் பேர் காசோடு நின்றார்கள். பெர்மின் வந்ததும் வழி விட்டார்கள்.

சொய்லாவும் கூட வந்திருந்தாள். ஓல்கர் எழுந்து தொப்பியைக் கழற்றினான். அவனைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துப் பேசினான்.

"மேல பாதி ஓட்டந்தான் ஆச்சுன்னாங்க அண்ணே. சரக்குப் போயிச் சேரலைல்ல. நான் சண்டை போட்டேன். ஆளே போயிட்டான், அதுல என்ன பாதின்னு கேட்டேன். ஒரு முழு ஓட்டமாவே எழுதிக்கச் சொல்லிட்டாங்க."

"உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் சொய்லா. அந்தக் குரலைக் கேட்டு வரிசையில் நின்ற ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஓல்கர் பேனாவைத் திறந்தான். அப்போது சத்தம் கேட்டது. தூரத்தில், கொசு மாதிரி. கரை முழுக்கச் சட்டென்று அடங்கிற்று. மீன் கழுவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஓல்கர் பேனாவோடு நாற்காலியை விட்டுக் கொட்டகைச் சுவரில் ஒண்டிக்கொண்டான். ஐஸ் பெட்டிப் பக்கத்தில் நின்ற ஒரு ஆள், யோசிக்காமல், பழக்கத்தில், கையிலிருந்த மீனைத் தலைக்கு மேலே தூக்கினான். இன்னொருத்தனும் தூக்கினான்.

"கீழ போடுங்கடா!" சொய்லா அலறினாள். ஓடிப்போய் அவன் கையைத் தட்டிவிட்டாள். "கீழ போடு! கீழ போடுங்கடா, பாவிகளா, அவன் கண்ணுக்கு அது மீன் இல்லடா!"

மீன்கள் மணலில் விழுந்தன. யாரும் அசையவில்லை. சத்தம் தலைக்கு மேலே வந்து, பெரிதாகி, கடந்து போயிற்று. மந்தா நகரத்துக்குப் போகிற பயணிகள் விமானம். ஜன்னல்கள்கூடத் தெரிந்தன.

பெர்மின் மட்டும் நிமிரவே இல்லை. அவன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓல்கர் சுவரை விட்டு மெள்ள வந்து உட்கார்ந்தான். அவன் உதடு வெளுத்திருந்தது. நோட்டை மடியில் வைத்து, பெர்மினின் பேருக்கு நேரே இருந்த முந்நூற்று எண்பதின் மேல் ஒரு கோடு போட்டான். கோடு வளைந்து கீழே போயிற்று. அதன் மேலேயே இன்னொரு தடவை போட்டு, பக்கத்தில் 'தீர்ந்தது' என்று எழுதினான்.

ஒரு துண்டு ஆரஞ்சுத் தார்ப்பாயை மடித்து நீட்டினான். பெர்மின் வாங்கிக்கொண்டான்.